முதலில் தெரிவித்தவர்

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை இன்று ஒரு புது வேலை கொடுத்தார். வெள்ளிக்கிழமை என்பது எங்கள் மேலாளர். எதைப் பற்றிப் பேசினாலும் “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடணும்” என்பார், அதனால் நான் வைத்த பெயர். அவருக்குத் தெரியாது. என்னைவிட இருபது வயது சின்னவர். என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார், வேலையை மட்டும் சாருக்குக் கொடுக்கிற மாதிரிக் கொடுப்பதில்லை.

எங்கள் கம்பெனியின் மாத்திரை நினைவூட்டும் ஆப்பில் பிழை கண்டுபிடிக்க இதுவரை என் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் அடுத்தவர் ஆப்களைப் பற்றி மக்கள் எழுதிய புகார்களைப் படித்து, அதே கோளாறு நம்மிடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பொதுவில் கிடப்பதில் நானூற்றுப் பன்னிரண்டு பொறுக்கி அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று விசாரித்துவிட்டு வந்து, நம் வீட்டில் அதே மூலையைத் தட்டிப் பார்ப்பது. யோசனை மோசமில்லை. வாயைத் திறந்து சொல்லவில்லை.

சோதனைப் பிரிவில் முன்பு ஐந்து பேர் இருந்தோம். இப்போது நான், நான்கு காலி நாற்காலிகள், சார்ஜரில் தொங்கும் முப்பத்தோரு போன்கள். ஒரு நாற்காலியில் யாரோ விட்டுப்போன ஸ்வெட்டர் இன்னும் கிடக்கிறது. எடுத்து மடித்து வைக்கலாம். வைத்தால் அந்த நாற்காலியும் முழுசாகக் காலியாகிவிடும்.

மார்ச் 5, புதன்

பத்தொன்பது புகார் படித்தேன். ஒன்றும் தேறவில்லை. ராத்திரிக்கு முட்டை.

மார்ச் 7, வெள்ளி

செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. அதன் புகார்கள்தான் நம்முடையதோடு நன்றாகப் பொருந்துகின்றன. அவர்களுடைய செடி நமக்கு நோயாளி. தண்ணீர் என்றால் மாத்திரை. “ஊற்றியாச்சு” என்ற பொத்தான் நமக்குப் “போட்டாச்சு”. இப்படி மாற்றிப்போட்டு ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கிறேன். ஒருவர் தன் செடிக்கு வைத்த நீளமான பெயரால் எழுத்தெல்லாம் வழிந்து திரை உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அதேபோல் ஒரு மருந்துக்கு நீளப் பெயர் வைத்தேன். நம் திரையும் உடைந்தது. சின்னக் கோளாறுதான், ஆனாலும் உட்கார்ந்த இடத்தில் ஒரு சந்தோஷம். சொல்லிக்கொள்ளத் திரும்பினால் ஸ்வெட்டர்தான் இருக்கிறது.

ஏழு மணிக்கு, வெளிநாட்டில் மகள் வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் காலை எட்டரை. பேத்திக்கு நான்காவது பல் வந்திருக்கிறதாம். மகள் நலம், மாப்பிள்ளை நலம், வீட்டு ஹீட்டர் நலம். “எல்லாம் நல்லா இருக்கு. நீங்க?” நானும் நல்லா இருக்கேன் என்றேன். ஒன்பது நிமிடம்.

மகள் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள். பதினான்கு மாதம் ஆகிறது. எப்போது வருவாய் என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். “குழந்தை கொஞ்சம் தலை நிக்கட்டும்” என்றாள். அப்புறம் உட்காரட்டும் என்றாள். இப்போது குழந்தை ஓடுகிறது, நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடுமே.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பிடும்போது தோன்றியது. திட்டித் திட்டிப் புகார் எழுதுகிறவர் இன்னும் அந்த ஆப்பை வைத்திருக்கிறார். கோபம் தீர்ந்தவர் சத்தம் போடாமல் நீக்கிவிட்டுப் போய்விடுகிறார், அவரைப் பற்றி நமக்குத் தகவலே வருவதில்லை.

அவளோ ஒரு காலத்தில் வாயைத் திறந்தால் குறைதான். குழாய், கதவு, என் குறட்டை, என் செருப்பு. இப்போது எல்லாம் நல்லா இருக்கு.

மார்ச் 13, வியாழன்

இருநூற்று முப்பத்தேழாவது புகார். அதே செடி ஆப். ஒரு வரி விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

“வெளிநாடு போனேன். விமானத்தில் போனை முழுசாக அணைத்துவிட்டேன். இறங்கிப் போட்டேன். மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியாச்சு என்று தானாகவே டிக் விழுகிறது. நான் ஊற்றவில்லை. என் செடி செத்துவிட்டது.”

அதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் பதில்: எங்கள் போனில் சரியாக வேலை செய்கிறது. புகார் மூடப்பட்டது.

படித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். காரணம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அவள் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. படியில் இறங்கும்போது தலை சுற்றி விழுந்தாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். பதினோரு நாளாகப் பிரஷர் மாத்திரையே போடவில்லை என்று தெரிந்தது. என்னிடம் சொன்னாள்: “உங்க ஆப் மணியே அடிக்கலங்க. ஆனா போட்டாச்சுன்னு டிக் மட்டும் இருக்கு. நான் அதைப் பாத்துட்டு, காலையிலயே போட்டுட்டேன் போலன்னு நெனச்சுட்டேன்.”

அன்று அலுவலகத்தில் ஒரு போனை எடுத்து, அவள் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஏழு மணிக்கு டாண் என்று அடித்தது. அவளிடம் சொன்னேன் – “என் போன்ல சரியா அடிக்குது. நீயே டிக் போட்டுட்டு மறந்திருப்ப.”

அவள் சரி என்றாள். வாதாடவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் வந்ததும் முதல் வேலை.

நான் அன்று பார்த்தது போன் ஓடிக்கொண்டிருக்கும்போது. எங்கள் முப்பத்தோரு போன்களும் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சோதனை பார்க்கிறவன் போனை அணைப்பதே இல்லை, அணைத்தால் எதைப் பார்ப்பது? அவளோ விமானத்தில் அணைக்கச் சொன்னதும் அணைத்துவிடுவாள். மற்றவர்கள் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் படம் பார்ப்பார்கள். இவள் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை கருப்பாகும்வரை பார்த்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பாள்.

வேறு ஊரில் இருப்பதாகப் போனை நம்பவைக்கிற பெட்டி ஒன்று அலுவலகத்தில் உண்டு. ஆப்பின் நிரலை எழுதுகிற பெண்ணிடம் அதை இயக்கித் தரச் சொன்னேன். நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டிருப்பதால் அவளுக்கு ஹெட்போன் என்று பெயர். பேசாமல் வந்தாள், செய்தாள், போனாள்.

ஏழு மணிக்கு ஒரு மாத்திரை வைத்தேன். போனை அணைத்தேன். பெட்டியில் ஊரை மாற்றினேன். போனைப் போட்டேன். ஆப்பைத் தொடவில்லை. அந்த ஊரில் ஆறு ஐம்பத்தெட்டு. ஆறு ஐம்பத்தொன்பது. ஏழு.

சத்தம் இல்லை. ஏழு ஐந்துக்கு ஆப்பைத் திறந்தேன். பச்சை டிக். போட்டாச்சு.

இன்னொரு போனில் செய்தேன். அங்கேயும் டிக். ஏழு போனில் செய்தேன். போன் அணைந்திருந்தபோது ஊர் மாறினால் ஆப்புக்கு யாரும் சொல்வதில்லை. அது பழைய ஊர் ஏழு மணியையே பிடித்துக்கொண்டு, அந்த நேரம்தான் தாண்டிவிட்டதே என்று தன் பாட்டுக்கு டிக் போட்டுக்கொள்கிறது. ஒரு நாள் இல்லை, தினமும்.

நான்தான் அவளிடம் மறந்திருப்ப என்று சொன்னேன். ஐம்பது வயதில் மூளை மழுங்கிவிட்டது என்கிற மாதிரி. மாத்திரை இல்லாமல் விழுந்து கிடந்தவளிடம். அவள் ஒன்றும் மறக்கலடா, முட்டாள். ஒண்ணுமே மறக்கல.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். புது அப்டேட் இந்த வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது, நிறுத்துங்கள் என்றேன். மேலாளருக்கு முகம் சுருங்கியது.

“இந்தக் காலத்துல யாரு சார் போனை ஆஃப் பண்றாங்க?”

“என் மனைவி.”

ஹெட்போன் தலையிலிருந்து அதைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் காதை இன்றுதான் பார்க்கிறேன். “அம்மாவுக்கு என்ன ஆச்சு சார்?” என்று கேட்டாள். சொன்னேன். பதினோரு நாள், படி, ஆஸ்பத்திரி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், விடவில்லை. மேலாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார். அப்புறம் வெள்ளிக்கிழமை வேண்டாம், சரியானதும் பார்ப்போம் என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

பிழைப் படிவத்தில் “முதலில் தெரிவித்தவர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதும் என் பெயர்தான் போடுவேன். இன்று “பயனர், பதினான்கு மாதம் முன்பு” என்று எழுதினேன்.

ஏழு மணிக்கு அவளிடம் சொன்னேன். நீ சொன்னது சரி, ஆப்பில்தான் கோளாறு, என் தப்பு என்று. மூன்றையும் ஒரே மூச்சில். அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அதை அப்பவே போன்லேர்ந்து எடுத்துட்டேன். ஃப்ரிட்ஜ்ல பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன், அதுல கோடு போட்டுக்கறேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொல்லி?”

பாப்பா கூப்பிடுது என்று வைத்துவிட்டாள். நான்கு நிமிடம்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்ததும், அவள் எனக்கு இத்தனை வருடமாக அனுப்பிய செய்திகளைத் தேடி எடுத்தேன். வேறு எதற்கு? இரண்டு வாரமாக ஊரார் புகாரைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே எவ்வளவு அனுப்பியிருக்கிறாள்! நேரில் சொன்னால் காதில் ஏறாது என்று எழுத்தில் போட்டிருக்கிறாள் போல. அதில் குறைகள் மட்டும் இருபத்தொன்று. நன்றாகத்தான் எழுதுகிறாள். எப்போது, எப்படிச் செய்தால், என்ன ஆகிறது. செடிக்காரர் தோற்றார். என் பதில்களையும் படித்தேன். “எனக்கு அப்படித் தெரியலையே.” “பாக்கலாம்.” “ம்.” சிலவற்றுக்கு ஒரு கட்டைவிரல் படம்.

இருபத்தொன்றையும் மூடியிருக்கிறேன். திறந்து பார்க்காமலே.

மார்ச் 22, சனி

விடுமுறை. முதல் குறையை எடுத்துக்கொண்டேன்.

“குளியலறைக் கதவு மறுபடி மாட்டிக்கிச்சு. சுடுதண்ணி ஊத்தினா உப்பிப் போகுது. கீழ் மூலைய கால்ல தள்ளிக்கிட்டே தாழ்ப்பாள இழுத்தாதான் வருது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க.”

என் பதில்: “எனக்குத் திறக்குதே.”

எனக்குத் திறக்கத்தான் செய்யும். நான் காலையில் முதல் ஆளாகப் பச்சைத் தண்ணீரில் இரண்டு குவளை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவள் குளிப்பது எல்லா வேலையும் முடிந்து, சுடச்சுட, நிதானமாக. எனவே அவள் மாதிரியே செய்தேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கதவைச் சாத்தி, பதினைந்து நிமிடம். கண்ணாடியெல்லாம் புகைந்து போனது. துண்டைக் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தேன்.

வரவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஆகா, பிழை கிடைத்துவிட்டது! இன்னொரு முறை இழுத்தேன். தோளால் முட்டினேன். போன் வெளியே சாப்பாட்டு மேசையில். கதவைத் தட்டினேன். எதற்குத் தட்டினேன்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தட்டினேன். ஏம்மா, ஏம்மா என்று இரண்டு முறை கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். கூப்பிட்ட பிறகுதான் கிழமையை எண்ணிப் பார்த்தேன். திங்கள்கிழமை அலுவலகத்தில் தேடுவார்களா? செவ்வாய் தேடுவார்கள்.

ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கதவின் கீழ் மூலையில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது, ஒரு பாதத்தின் அளவுக்கு. ஈரத்தில் உரிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது அவள் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம்.

எழுந்து அந்த இடத்திலேயே என் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தேன். வந்துவிட்டது.

வெளியே வந்து போனை எடுத்து, அவளுடைய இன்னொரு செய்தியைத் தேடினேன். காலையில் படித்துவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அதே கதவு, நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த வேறொரு நாள். “முக்கால் மணி நேரம் தட்டினேன். மீட்டிங்ல இருந்தீங்களா?”

நான்: “ஆமா.”

அவ்வளவுதான். நான் அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

நான் உள்ளே இருந்தது இருபது நிமிடம். அவளுக்கு முக்கால் மணி நேரம், அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போதே. எது அதிகத் தனிமை என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அழுதேன். துண்டோடு உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

படுக்கையில் அவள் படுக்கிற பக்கத்தில் படுத்தேன். தெருவிளக்கு நேரே கண்ணில் அடிக்கிறது. ஏழாவது குறை. உண்மை.

மார்ச் 29, சனி

இதுவரை பதினேழு பார்த்தாகிவிட்டது. பதினாறு உண்மை. மாவு அரைக்கிற மிக்ஸி மூடியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் எகிறுகிறது, சமையலறைச் சுவரில் இப்போது சாட்சி இருக்கிறது. என் செருப்பு வாசலில் இருக்கிற இடத்தில், கையில் பையோடு வருகிறவர் நிச்சயம் தடுக்குவார். நானே தடுக்கினேன்.

ஒன்று மட்டும் உறுதியாகவில்லை. மாடிக் குழாய் விடியற்காலையில் முனகுகிறதாம். பார்த்தேன், முனகவில்லை. ஆனாலும் அந்தக் குறையை மூடவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் குறித்து வைத்தேன்.

பத்தொன்பதாவது: “நான் ஏதாவது சொன்னா போனைப் பாத்துக்கிட்டே ம்-னு சொல்றீங்க. அப்புறம் கேட்டா எப்ப சொன்னங்கறீங்க.”

இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தச்சர் வந்து கதவைக் கழற்றி இழைத்துக்கொடுத்தார். “வீட்ல அம்மா இத்தனை நாள் எப்படி சார் சமாளிச்சாங்க?” என்றார். அடி மூலைக்கும் பெயிண்ட் அடித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஏப்ரல் 2, புதன்

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை கிழித்தேன். எல்லாம் மேடைப் பேச்சு மாதிரி வந்தது. எனக்குத் தெரிந்ததே ஒரு வகை எழுத்துதான், அதையே அனுப்பினேன்.

“உன் முதல் குறை, குளியலறைக் கதவு. நீ சொன்ன மாதிரியே செய்து பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே மாட்டிக்கொண்டது. இருபது நிமிடம் உள்ளே இருந்தேன். நீ எழுதியிருந்த வழியில்தான் வெளியே வந்தேன். தச்சர் சரிசெய்துவிட்டார். ஏழாவது, தெருவிளக்கு, உண்மை. திரை மாட்டிவிட்டேன்.” இப்படியே வரிசையாகப் பதினாறும். மீதியையும் பார்க்கிறேன், பத்தொன்பதை மட்டும் நீ இல்லாமல் பார்க்க முடியாது என்றும் எழுதினேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. அரை மணி கழித்து: “சரி.”

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லாம் நல்லா இருக்கு. ஆறு நிமிடம்.

ஏப்ரல் 9, புதன்

ஹெட்போன் திருத்திக் கொடுத்த ஆப்பை முப்பத்தோரு போனிலும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஏழு மணிக்கு அடித்தன. முப்பத்தொன்றும் ஒன்றாக அடித்தால் காது போய்விடும் என்பது தெரிந்தது. அவள் மட்டும் அசையவில்லை, அதான் காதில் மாட்டியிருக்கிறாளே. அப்டேட் வெளியாகிவிட்டது. புதன்கிழமை.

ஏப்ரல் 11, வெள்ளி

செய்தி வந்தது. நாங்கள் பேசுகிற நேரம் இல்லை, மதியம். அங்கே இன்னும் விடிந்திருக்காது.

“கதவ வெயில் நாள்ல பாத்தீங்களா, மழை நாள்லயா?”

பதினான்கு மாதத்தில் அவள் இந்த வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. வெயில் நாளில்தான் பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னேன்.

“மழைல பாருங்க.”

ஏப்ரல் 12, சனி

மழை இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இல்லை. ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார், நானும் அசைத்தேன். ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையிலிருந்து கொட்டுகிறது! அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொன்னேன். மேலாளர் காரணம் கேட்டார், குளிக்க வேண்டும் என்றேன். சுடுதண்ணீர், இருபது நிமிடம், இந்த முறை போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளேயே வைத்துக்கொண்டேன். ஒரே இழுப்பில் திறந்தது. மூன்று முறை சாத்தித் திறந்தேன். அவளுக்கு எழுதினேன்.

“சரி” என்று சாயங்காலம் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: “உங்க ஆப்ப மறுபடி போட்டிருக்கேன். இன்னிக்கு ஏழு மணிக்கு அடிச்சுது. பேப்பரையும் எடுக்கல.”

எடுக்க வேண்டாம் என்றேன். எந்த ஆப்பையும் அப்படி நம்பக் கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஏழு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. ஏழேகால் ஆனது, ஏழரை ஆனது. நானே கூப்பிடலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். ஏழு முப்பத்தைந்துக்குச் செய்தி வந்தது. நீளமாக இருந்தது.

“மககிட்ட பேசிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து பாப்பாவ பாத்துக்க ஆள் வருது. டிக்கெட் நீங்க போடுங்க. ஜன்னல் ஓரம் போடாதீங்க. போன தடவையே சொன்னேன், கால மடக்கி உக்காந்து வீங்கிப் போச்சு, ரெண்டு பேர எழுப்பிதான் எந்திரிக்கணும். நீங்க ம்-னு சொல்லிட்டு ஜன்னல் ஓரமே போட்டீங்க.”

பழைய செய்திகளில் தேடிப் பார்த்தேன். போன வருடம், அவள் கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு. சொல்லியிருக்கிறாள். நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன்.

எண்ணும்போது நான் தவறவிட்ட இருபத்திரண்டாவது குறை. நடைபாதை ஓரம் போட்டுவிட்டேன். இருக்கை எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன், அப்புறம் அவளையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.